பழைய பெட்டிக்கு யார் பூட்டுப் போடுவது?

காசு கொடுத்து வாங்கிய பெட்டியை, வாங்கியவனே திறந்து வேலை பார்த்துக் கொள்வது குற்றமா? தையல் இயந்திரத்தைப் பற்றியோ, டேப் ரிக்கார்டரைப் பற்றியோ, மிக்ஸியைப் பற்றியோ இப்படி ஒரு கேள்வி எழுந்ததில்லை. பழுதானால் திறப்பார்கள், பாகம் மாற்றுவார்கள், ஓடுகிற வரையில் ஓட்டுவார்கள். வீடியோ கேம் பெட்டி என்று வந்துவிட்டால் மட்டும் 'திருட்டு' என்ற சொல் முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. பழைய பெட்டியில் சிறு மாற்றம் செய்து, பழைய ஆட்டங்களை அதில் ஏற்றி ஆடுகிறவர்கள் அனைவரையும் ஒரே பட்டியலில் அடைத்துத் திருடர்கள் என்று பெயர் சூட்டுவது நியாயமாகாது. அந்தப் பெயருக்குப் பொருத்தமானவர்களும் இந்தத் தொழிலில் இருக்கத்தான் செய்கிறார்கள். இருவரையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே பேச்சு.

சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 2 பெட்டியையே எடுத்துக் கொள்ளலாம். ஜப்பானில் 2000 மார்ச்சில் வெளிவந்த பெட்டி இது. உலகம் முழுவதும் 15 கோடிக்கு மேல் விற்றது. 2013 தொடக்கத்தோடு உற்பத்தி நின்றுவிட்டது. மும்பையில் தீபாவளி போனஸ் பணத்தில் இதைப் புதிதாக வாங்கியவர்கள் உண்டு. பெரிய வீட்டுப் பிள்ளைகள் ஆடிச் சலித்துத் தள்ளியதைச் செகண்ட் ஹாண்டாக வாங்கியவர்கள் அதைவிட அதிகம். ஒரே அறையில் ஐந்தாறு பேர் தங்கி வேலைக்குப் போகிறவர்களுக்கு, மழையில் லோக்கல் வண்டிகள் நின்றுபோன நாளில் பொழுதைத் தள்ள அது ஒரு துணை. பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் பெட்டியைத் தூக்கிப் போட மனம் வராமல் பரண் மேல் வைத்திருக்கிற தாய்மார்களைத் தாராவியிலும் ஆன்டாப் ஹில்லிலும் காணலாம்.

இந்தப் பெட்டியில் முதலில் உயிரை விடுவது லென்ஸ். தட்டைப் படிக்கும் லேசர் வலுவிழந்தால் 'தட்டைப் படிக்க முடியவில்லை' என்று திரையில் எழுத்து வரும். ரிப்பேர் கடைக்குப் போனால், உள்ளே இருக்கும் ஒரு சின்ன திருகைத் திருகி லேசருக்குப் போகும் மின்னோட்டத்தைக் கூட்டிவிட்டுக் காசு வாங்கிக் கொள்வார்கள். சில மாதம் ஓடும். எண்ணெய் வற்றும் விளக்கின் திரியைத் தூண்டிவிடுவது போன்ற வேலை அது. லென்சின் எஞ்சிய ஆயுளும் அதோடு சீக்கிரம் தீர்ந்துபோகும். தட்டுகளின் கதியும் இதேதான். கீறல் விழுந்தால் விழுந்ததுதான். புதுத் தட்டு வாங்கலாமென்றால் கடையில் கிடையாது.

இந்த இடத்தில்தான் மாற்றம் செய்வோர் ஒரு வழி காட்டினார்கள். பிளேஸ்டேஷன் 2 உயிர் பெறும்போது, செருகியிருக்கும் மெமரி கார்டில் ஏதேனும் புதுப்பிப்பு நிரல் இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். டிவிடி பார்க்கும் வசதியைப் பின்னாளில் திருத்திக் கொள்ள வேண்டும் என்பதற்காகச் சோனி வைத்த வாசல் அது. ஆர்வலர்கள் 2008இல் அதே வாசல் வழியாகத் தங்கள் நிரலை உள்ளே அனுப்பினார்கள். 8 மெகாபைட் கொள்ளளவுள்ள சாதாரண மெமரி கார்டு போதும். பெட்டியைத் திறக்க வேண்டாம், பற்றவைக்க வேண்டாம், சிப் வேண்டாம். கார்டைச் செருகி, பித்தானை அமுக்கினால் பெட்டி புதிய பட்டியல் ஒன்றைக் காட்டும். கார்டை உருவிவிட்டால் பெட்டி பழையபடி சோனி பெட்டிதான். கடைசியாக வந்த 90000 வரிசைப் பெட்டிகள் பலவற்றில் சோனி இந்த வாசலை அடைத்துவிட்டது. 2020இல் இன்னொருவர், டிவிடி படம் காட்டும் நிரலிலேயே ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து, சாதாரண வெற்றுத் தட்டு ஒன்றில் எழுதிப் போட்டே உள்ளே போகலாம் என்று காட்டிவிட்டார்.

உள்ளே போனபின் செய்வது என்ன? கையிலுள்ள தட்டைக் கணினியில் நகலெடுத்து, பென்டிரைவிலோ ஹார்டு டிஸ்க்கிலோ போட்டு, லென்சின் தயவில்லாமல் ஆடலாம். முதலில் வந்த பருத்த பெட்டிகளின் பின்புறம் ஹார்டு டிஸ்க் வைக்கவே இடம் உண்டு. பிற்பாடு வந்த மெலிந்த பெட்டியில் அது இல்லை. பென்டிரைவ் சொருகும் துளை பழைய ரகம். நொடிக்கு ஒரு மெகாபைட் அளவுக்குத்தான் தகவல் வரும். லென்ஸ் நன்றாக இருந்த காலத்தில் தட்டிலிருந்து அதுபோல் ஐந்து மடங்கு வேகத்தில் வந்தது. அதனால் ஆட்டத்தின் நடுவே வரும் படக்காட்சிகள் திக்கித் திணறும். வீட்டு நெட்வொர்க் கம்பி வழியாகக் கணினியிலிருந்து ஓட்டினால் இந்தத் தொல்லை குறையும். அடாப்டர் விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். மெலிந்த பெட்டிக்கு 8.5 வோல்ட்தான். கையில் கிடைத்த 12 வோல்ட் அடாப்டரைச் செருகிப் பெட்டியைக் கருக்கிவிட்டு, மெமரி கார்டின் மேல் பழி போடுவதில் பயனில்லை.

இதற்கும் மேலே ஒரு படி உண்டு. 1980களின் ஆட்டங்களை இந்தப் பெட்டிக்குள்ளேயே போலியாக ஓட்டிக் காட்டும் நிரல்களையும் ஆர்வலர்கள் எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். 1985இல் வந்த 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' முழு ஆட்டமும் 40 கிலோபைட். 8 மெகாபைட் மெமரி கார்டில் அதைப் போல இருநூறு அடங்கும். இன்று கைப்பேசியில் வந்து விழும் காலை வணக்கப் படம் ஒன்று அதைவிடக் கனம்.

இவ்வளவுக்கும் சட்டம் என்ன சொல்கிறது? பலரும் நினைப்பதுபோல் 'தொட்டாலே குற்றம்' என்று நம் நாட்டுச் சட்டம் சொல்லவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில், கணினி நிரலின் பிரதி ஒன்றை முறையாக வைத்திருப்பவர், அது அழிந்துபோகாமலும் கெட்டுப்போகாமலும் பாதுகாப்பாக இருக்க நகல் எடுத்துக் கொள்ளலாம் என்று இடம் தருகிறது. எந்தப் பயனுக்காக வாங்கினாரோ அந்தப் பயனுக்கு மட்டும் என்பது நிபந்தனை. வீடியோ கேமும் அடிப்படையில் ஒரு கணினி நிரல்தான். அதில் படமும் இசையும் கலந்திருக்கிறதே என்று வழக்கறிஞர்கள் நுணுக்கம் பேசலாம்; பேசட்டும். தன் தட்டு தேய்ந்துபோகிறதே என்று தனக்கொரு நகல் எடுத்துக் கொள்ளும் குமாஸ்தாவை மனத்தில் வைத்துப் படித்தால் அந்தப் பிரிவின் நோக்கம் தெளிவாகவே இருக்கிறது.

பூட்டை உடைப்பது? அதற்காக 2012இல் 65-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பாதுகாப்பு ஏற்பாட்டைத் தாண்டிப் போகிறவருக்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ஆனால் 'உரிமையை மீறும் எண்ணத்துடன்' தாண்டினால் என்ற சொற்கள் அதில் இருக்கின்றன. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத காரியத்துக்காகத் தாண்டினால் குற்றமில்லை என்றும் அதே பிரிவு சொல்கிறது. அமெரிக்கச் சட்டத்தைவிட இது எவ்வளவோ தாராளம். மெமரி கார்டைச் செருகுகிறவன் கண்ணில் பயம் தெரிய வேண்டிய அவசியமில்லை.

பயப்பட வேண்டியவர்கள் வேறு. ஆயிரம் ஆட்டம், பத்தாயிரம் ஆட்டம் என்று அட்டையில் அச்சடித்து, யாரோ எழுதிய ஆட்டங்களை மூட்டையாகக் கட்டிப் பெட்டியோடு சேர்த்து விற்கிறார்களே, அவர்கள். பத்தாயிரம் என்ற கணக்கே பாதி மோசடி. ஒரே ஆட்டம் ஐந்து பெயரில் ஐந்து இடத்தில் வரும். பழைய நாளில் '9999 ஆட்டம்' என்று போட்டு விற்ற கேசட்டுக்கு இவை பேரன், பேத்திகள். தெரிந்தே திருட்டு நிரலைக் கணினியில் பயன்படுத்துகிறவர்களுக்கும் 63-பி பிரிவின்படி ஏழு நாளிலிருந்து மூன்றாண்டு வரை சிறையும், ரூ. 50,000க்குக் குறையாத அபராதமும் விதிக்கலாம். வியாபார நோக்கம் இல்லாதபோது சிறையைத் தள்ளிவிட்டு அபராதத்தைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. வெளிநாட்டில் இந்த வித்தியாசம் கடுமையாகவே காட்டப்படுகிறது. நின்டெண்டோ ஸ்விட்ச் பெட்டியின் பூட்டைத் திறக்கும் கருவிகளை விற்ற கூட்டத்தைச் சேர்ந்த ஒருவருக்கு 2022இல் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறை விதித்தது. அவர் மாட்டியது ஆட்டம் ஆடியதற்காக அல்ல, கடை விரித்ததற்காக.

இனி, நடுவில் நிற்பவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். தன்னிடம் தட்டும் இல்லை, கேசட்டும் இல்லை. இருந்தாலும் மேரியோவையும் கான்ட்ராவையும் ஏற்றி ஆடுகிறவர்கள். உண்மையில் பெரும்பாலோர் இவர்கள்தாம். இவர்களுக்கு 52ஆம் பிரிவு கைகொடுக்காது. 'முறையாக வைத்திருப்பவர்' என்ற சொல்லுக்குள் அவர்கள் வரமாட்டார்கள். இதை மறைத்துப் பேசுவதில் பொருளில்லை.

ஆனால் ஒன்று கேட்கலாம். இந்த ஆட்டங்கள் நம் ஊர்த் தெருக்களுக்கு எப்படி வந்தன? 1990களில் இங்கே வீட்டுக்கு வீடு ஓடிய பெட்டிகளில் பெரும்பாலானவை கிழக்கத்திய நாடுகளிலிருந்து வந்த நகல் பெட்டிகள். மேரியோவின் மீசையை ஒரு தலைமுறையே அந்தப் பெட்டிகளில்தான் பார்த்தது. மில் தொழிலாளியின் பிள்ளையும் தோல் பட்டறைக்காரரின் பிள்ளையும் அசலை வேண்டாமென்று ஒதுக்கி நகலை வாங்கவில்லை. அவர்கள் எட்டும் விலையில் அசலைக் கடையில் வைக்க அன்று யாரும் மெனக்கெடவில்லை. அன்று விற்க வராதவர்கள் இன்று, முப்பது ஆண்டு கழித்து, 'ஏன் வாங்கவில்லை' என்று கேட்பது வேடிக்கையாக இல்லையா?

இன்று வாங்கலாமே என்பார்கள். எங்கே? சோனி 2022இலிருந்து மாதச் சந்தாவில் சில பழைய ஆட்டங்களைத் தருகிறது. அதற்குப் பிளேஸ்டேஷன் 4 அல்லது 5 பெட்டி வேண்டும். சந்தா நின்றால் ஆட்டமும் நிற்கும். வாடகை வீட்டுக்கும் இதற்கும் வித்தியாசமில்லை, டெபாசிட் மட்டும் இல்லை. நின்டெண்டோ தன் 'வீ' பெட்டிக்கான ஆட்டக் கடையை 2019 ஜனவரியில் மூடியது. 'வீ யு', '3டிஎஸ்' இரண்டின் கடைகளையும் 2023 மார்ச்சில் மூடியது. பணம் கொடுக்கத் தயாராக இருந்தவனும் அன்றோடு வாசலில் நின்றான். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று சந்தையில் இல்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் கணக்கெடுத்துச் சொன்னது. அப்படிப்பட்ட ஆட்டங்களை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்து பார்க்க நூலகங்களுக்கு அனுமதி வேண்டும் என்று கேட்டபோது, அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. விற்கவும் மாட்டோம், வைத்துக் காப்பாற்றவும் விடமாட்டோம் என்றால் அது வைக்கோற்போரில் படுத்த நாயின் கதைதான்.

கம்பெனிகள் இந்த ஆர்வலர்களின் உழைப்பை ஒதுக்கித் தள்ளுகின்றனவா என்றால், அதுவும் இல்லை. 2018 டிசம்பரில் சோனியே 20 பழைய ஆட்டங்களை அடக்கிப் 'பிளேஸ்டேஷன் கிளாசிக்' என்று ஒரு சின்னப் பெட்டி வெளியிட்டது. பழைய ஆட்டத்தைப் புதிய பெட்டியில் ஓட்டிக் காட்ட அது பயன்படுத்திய நிரல், ஆர்வலர்கள் ஊதியமின்றி எழுதிப் பொதுவில் வைத்திருந்த நிரல். அதிலும் ஒன்பது ஆட்டங்கள் மெதுவாக ஓடும் ஐரோப்பியப் பதிப்பு. வாங்கியவர்கள் முகம் சுளித்தார்கள். இதே சோனி 2002இல் பிளேஸ்டேஷன் 2க்கு லினக்ஸ் ஏற்றிக் கொள்ள ஹார்டு டிஸ்க், கீபோர்டு, மவுஸ் சகிதம் ஒரு தொகுப்பையும் விற்றது. வாங்கியவன் தன் பெட்டியில் தன் நிரலை ஓட்டுவது வானம் இடிந்து விழும் காரியம் அல்ல என்பது அவர்களுக்கே தெரிந்ததுதான்.

நம் நாட்டுக்கு இதில் தனியாக ஒரு நஷ்டம் இருக்கிறது. இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், யாரும் பேசுவதில்லை. பிளேஸ்டேஷன் 2 பெட்டிக்கென்று இந்தியாவிலேயே ஆட்டங்கள் செய்யப்பட்டன. 2009இல் ஹைதராபாத்தில் உருவான 'ஹனுமான்: பாய் வாரியர்' வந்தது. அதே ஆண்டில் 'தேசி அட்டா' வந்தது; கபடியும் காற்றாடியும் கிட்டிப்புள்ளும் அதில் ஆட்டங்கள். 2011இல் ஷாருக் கான் படத்தை ஒட்டி 'ரா ஒன்' வந்தது. ஆட்டம் என்ற வகையில் இவை உலகத் தரம் என்று சொல்ல முடியாது. அனுமன் ஆட்டம் சுமார் ரகம். கடவுளைப் பித்தானை அமுக்கி ஆட்டுவிப்பதா என்று எதிர்ப்பும் கிளம்பியது. இருந்தாலும் கிட்டிப்புள்ளை டிவியில் ஆட வைக்க நம் நாட்டு இளைஞர்கள் உட்கார்ந்து எழுதிய முதல் முயற்சிகள் அவை. ஜப்பான்காரர் ஆட்டத்தைக் காப்பாற்ற ஜப்பானில் ஆள் உண்டு. அமெரிக்காவில் ஆள் உண்டு. 'தேசி அட்டா'வை யார் காப்பாற்றுவது? பெட்டியின் உற்பத்தி நின்றது; தட்டுகள் பழைய பேப்பர்க் கட்டோடும் பங்கார்வாலாவின் மூட்டையோடும் போய்க் கொண்டிருக்கின்றன. கையில் ஒரு தட்டு வைத்திருப்பவர் அதை நகலெடுத்து ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டு வைத்தால், அது திருட்டா, தொண்டா?

அலட்சியத்தின் விலை என்ன என்பது மும்பைத் தமிழருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931இல் எடுக்கப்பட்டது இதே பம்பாயில்தான். அதே ஆண்டு அதே கம்பெனி எடுத்த 'ஆலம் ஆரா' நாட்டின் முதல் பேசும் படம். இரண்டில் எதற்கும் இன்று முழுப் பிரதி கிடையாது. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியது 1964இல். அதற்குள் காலம் கடந்துவிட்டது. அன்று ஒரு சினிமாக் கொட்டகைக்காரர் ஒரு பிரதியைத் திருப்பிக் கொடுக்காமல் தன் வீட்டுப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால், கம்பெனிக் கணக்கில் அவர் குற்றவாளி. தமிழ்நாடு இன்று அவர் வீட்டு வாசலில் போய்க் கைகட்டி நின்றிருக்கும்.

ரயில்வே இந்த விஷயத்தில் புத்திசாலித்தனமாக நடந்து கொண்டது. 1855இல் செய்த 'ஃபேரி குவீன்' நீராவி எஞ்சினைப் பழுது பார்த்து 1997இல் மறுபடி பயணிகள் வண்டியை இழுக்க வைத்தார்கள். அதைக் கட்டிய லீட்ஸ் நகரத்துக் கம்பெனி எப்போதோ இழுத்து மூடப்பட்டுவிட்டது. அதனிடம் அனுமதிக் கடிதம் வந்த பிறகுதான் திருகைக் கழற்றுவோம் என்று யாரும் காத்திருக்கவில்லை. பழைய இயந்திரத்தை ஓட வைக்கிறவனுக்கு அங்கே பாராட்டு. இங்கே மட்டும் சந்தேகப் பார்வை.

பதிப்புரிமையே வேண்டாம் என்று சொல்லக் கிளம்பினால் அது வேறு அபத்தம். எழுதியவனுக்குக் கூலி போய்ச் சேர வேண்டும். இன்று கடையில் விற்கும் ஆட்டத்தை, நாளைக்கே கள்ளத்தனமாக இறக்கிப் பழைய பெட்டியின் பெயரைச் சொல்லி நியாயம் பேசுகிறவர்களுக்கு இந்த வாதத்தில் இடமில்லை. நம் பையன்களில் சிலர் அப்படிப் பேசுவதைக் கேட்கலாம். அவர்களே நாளைக்கு ஒரு ஆட்டம் எழுதி விற்கப் போகும்போது வேறு மாதிரிப் பேசுவார்கள். ஆனால் பதிப்புரிமையின் ஆயுள் அறுபது ஆண்டுக்குக் குறையாது. பெட்டியின் லென்ஸ் பத்தாண்டு தாங்கினால் அதிர்ஷ்டம். உரிமை காலாவதியாகும் நாளில் ஆட்டத்தை ஓட்டப் பெட்டியும் இருக்காது, படிக்கத் தட்டும் இருக்காது என்றால், அறுபதாண்டு கழித்துப் பொதுமக்களுக்குச் சேரும் என்ற வாக்குறுதிக்கு என்ன மதிப்பு? விற்பதை நிறுத்திச் சில ஆண்டுகள் ஆன ஆட்டத்தை, வணிக நோக்கமின்றி நகலெடுத்து வைத்துக் கொள்ளவும் ஆடவும் சட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். புனேக் காப்பகத்தில் படச்சுருளுக்குப் பக்கத்தில் ஆட்டத் தட்டுக்கும் ஒரு அலமாரி ஒதுக்கலாம். இந்த நாட்டில் செய்த ஆட்டங்களை அடுக்க அதிக இடம் வேண்டியிராது.

அது வருகிறபோது வரட்டும். பெட்டி வைத்திருப்பவர்கள் இப்போதே செய்யக்கூடியது சில உண்டு. தட்டுகள் இருந்தால் லென்ஸ் சாவதற்குள் நகலெடுத்துவிட வேண்டும். தட்டையும் எறிந்துவிடக் கூடாது, அதுதான் உரிமைக்குச் சாட்சி. ஆட்டம் நிறைத்த பெட்டியை வாங்குவதைவிட வெற்றுப் பெட்டியையும் ஒரு மெமரி கார்டையும் வாங்கித் தானே கற்றுக்கொள்வது மேல். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். இந்தப் பழைய பெட்டிகளுக்காக இன்றும் ஆர்வலர்கள் புதிதாக எழுதி இலவசமாகவே தரும் சிறு ஆட்டங்கள் உண்டு. அவற்றை ஏற்ற யாரிடமும் கூச்சப்பட வேண்டியதில்லை.

கடைக்காரர்களுக்கும் ஒரு செய்தி. வாடிக்கையாளருக்காகப் பூட்டைத் திறந்து கொடுப்பதையும் 65-ஏ பிரிவு அடியோடு தடுக்கவில்லை. ஆனால் யாருக்குத் திறந்து கொடுத்தோம், அவர் பெயர் என்ன, முகவரி என்ன, எந்தக் காரியத்துக்காகக் கேட்டார் என்று முழு விவரமும் எழுதிப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்கிறது. இரண்டு குயர் நோட்டு ஒன்றும் ஒரு பேனாவும் வாங்க எவ்வளவு ஆகும்? அப்படிப் பதிவேடு வைத்த கடையில், மெமரி கார்டு மாற்ற வந்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தலைநிமிர்ந்து வெளியே போகலாம். லாமிங்டன் ரோட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்து, பெட்டி திருத்தும் கடைகளில் அந்த நோட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம்.